குடியிலிருந்து மீள உதவும் குழுக் கூட்டம்: தேடுவது முதல் தொடர்ந்து போவது வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியை விட்டுவிட வேண்டும் என்று நினைப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். கூட்டமே கிடைக்காமல் போனவர்களைவிட, முகவரி கையில் இருந்தும் வாசல்வரை வந்து திரும்பிப் போனவர்களைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை அதிகம். அதனால் தேடுவதையும் முதல் நாளையும் விரிவாகச் சொல்லியிருக்கிறோம். தினமும் குடிப்பவராக இருந்தால் 2-ஆம் கேள்வியை முதலில் படித்துவிடுங்கள்.

1. கூட்டம் கூட்டம்னு சொல்றாங்களே, அங்க என்னதான் பண்ணுவாங்க? அது ஒரு சிகிச்சையா?

குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ சேர்ந்து உட்கார்ந்து, தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள், மற்றவர் சொல்வதைக் கேட்பார்கள். அவ்வளவுதான். மருத்துவப் பரிசோதனை, மருந்து, வகுப்பு எதுவும் கிடையாது. கூட்டத்தை நடத்துபவரும் அதே நோயிலிருந்து மீண்டு வருபவர்தான். சிகிச்சையின் இடத்தைக் கூட்டம் பிடிக்காது. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபின் வரும் நீண்ட காலத்தைத் தாங்கிப் பிடிப்பதே அதன் வேலை.

இந்த முறை பரவியது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., மூலம். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன், டாக்டர் பாப் ஸ்மித் என்ற இரண்டு குடிநோயாளிகள் சந்தித்துப் பேசியதில் அது தொடங்கியது. பாப் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொள்கிறது. ஒரு குடிநோயாளியின் பேச்சு இன்னொரு குடிநோயாளியின் காதில் ஏறும் அளவுக்கு வேறு யார் பேச்சும் ஏறுவதில்லை என்பதே அவர்கள் கண்டது. இன்றைக்கும் கூட்டத்தின் அடிப்படை அதுதான்.

2. இன்னிக்கே குடியை நிறுத்திட்டு, சாயங்காலமே கூட்டத்துக்கு வந்துடலாமா?

கூட்டத்துக்கு வரலாம். ஆனால் பல மாதங்களாகத் தினமும் அதிகமாகக் குடித்தவர் மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கும். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு மனக்குழப்பம், காய்ச்சல், இல்லாததைப் பார்ப்பது, இல்லாத குரலைக் கேட்பது என்று முற்றிவிடும். இதை டெலிரியம் ட்ரெமன்ஸ் என்பார்கள். அது அவசர சிகிச்சைக்கான நிலை.

காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது, முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தது, ஈரல் நோயோ இதய நோயோ இருக்கிறது, கர்ப்பமாக இருக்கிறார், தூக்க மாத்திரையும் எடுத்துக்கொள்கிறார் – இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் மருத்துவரிடம் போங்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்துக்கான மருந்தின் அளவையும், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி தேவையா என்பதையும் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். முன்பு ஒருமுறை நிறுத்தியபோது ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடாதீர்கள். குடிப்பதும் நிறுத்துவதுமாக இருப்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் இந்த அறிகுறிகள் கடுமையாகிக்கொண்டே போகலாம்.

3. நான் குடிநோயாளிதானான்னு எனக்கே தெரியல. வரலாமா?

வரலாம். ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். சான்றிதழ், பரிந்துரைக் கடிதம், எத்தனை வருடம் குடித்தீர்கள் என்ற கணக்கு எதுவும் வேண்டாம். குடிநோயாளி என்று உங்களை நீங்களே சொல்லிக்கொள்ளத் தயங்கினால் திறந்த கூட்டம் ஒன்றில் போய் உட்கார்ந்து கேளுங்கள் (6-ஆம் கேள்வி). மற்றவர்கள் சொல்வதில் எவ்வளவு உங்கள் கதையாகவே இருக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே பாதி விளங்கிவிடும்.

4. ஏ.ஏ. ஒண்ணுதானா? வேற எதுவும் இல்லையா?

உலகில் அதிக இடங்களில் இருப்பது ஏ.ஏ. மீள்வதற்காக உறுப்பினர்கள் ஒவ்வொன்றாகச் செய்து போகும் அதன் பன்னிரண்டு படிகளில் கடவுளைப் பற்றிய பேச்சு வரும். ஸ்மார்ட் ரெகவரி 1994-இல் தொடங்கியது. அதில் படிகளும் இல்லை, கடவுளும் இல்லை. குடிக்கத் தூண்டும் எண்ணத்தை அடையாளம் கண்டு, எழுதிப் பார்த்து, மாற்றிக்கொள்ளும் பயிற்சிகள் உண்டு. பயிற்சி பெற்ற ஒருவர் நடத்துவார். ஒருவர் பேசியதற்கு மற்றவர்கள் பதில் சொல்லலாம், விவாதிக்கலாம். 1975-இல் ஜீன் கிர்க்பாட்ரிக் தொடங்கிய விமன் ஃபார் சோப்ரைட்டி பெண்களுக்கானது. லைஃப்ரிங் என்பது கடவுள் பேச்சில்லாத இன்னொரு குழு.

உங்கள் ஊரில் ஏ.ஏ. மட்டுமே நேரில் நடக்கிறது என்றால் மற்றவற்றின் இணையக் கூட்டங்களை அதோடு சேர்த்துக்கொள்ளலாம். ஒன்றில் சேர்ந்தால் இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்று எந்த விதியும் இல்லை.

5. கூகுள்ல தேடினா ஏகப்பட்ட மறுவாழ்வு மைய விளம்பரம்தான் வருது. கூட்டத்தை எங்க தேடறது?

பொதுவாகத் தேடினால் அப்படித்தான் வரும். கட்டணம் வாங்கும் மையங்கள் விளம்பரத்துக்குச் செலவு செய்கின்றன, இலவசக் குழுக்கள் செய்வதில்லை. மேலே ‘விளம்பரம்’ என்று இருப்பவற்றைத் தாண்டிப் போங்கள். கூட்டப் பட்டியல் மாதிரியே தெரியும் சில பக்கங்களில் இருக்கும் எண், ஏதோ ஒரு மையத்தின் விற்பனைப் பிரிவுக்குப் போகும். எடுத்தவுடன் காப்பீட்டு விவரமோ பணம் கட்டும் வசதியோ கேட்டால் அது குழு இல்லை. வைத்துவிடுங்கள்.

நம்பகமான வழிகள் நான்கு. முதலாவது, ஏ.ஏ.வின் உலக அளவிலான இணையதளத்தில் உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து உங்கள் பகுதி அலுவலகத்தின் பக்கத்துக்குப் போவது. பகுதி அலுவலகத்தை இன்டர்குரூப் என்றோ மத்திய அலுவலகம் என்றோ சொல்வார்கள். கூட்டப் பட்டியலைப் பராமரிப்பது அவர்கள்தான். இரண்டாவது, மீட்டிங் கைடு என்ற இலவசச் செயலி. இதை ஏ.ஏ.வே வெளியிடுகிறது. இருக்கும் இடத்தையும் கிழமையையும் கொடுத்தால் அருகிலுள்ள கூட்டங்களைக் காட்டும். எல்லாப் பகுதிகளும் அதில் இல்லை. அதனால் செயலியில் வரவில்லை என்பதற்காக உங்கள் ஊரில் கூட்டமே இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். மூன்றாவது, மருத்துவமனைகளின் மனநலப் பிரிவு, போதை மீட்புப் பிரிவு. அங்கேயே வாரம் ஒரு கூட்டம் நடப்பதுண்டு. சமூகப் பணியாளரைக் கேளுங்கள். நான்காவது, மேலே சொன்ன மற்ற அமைப்புகள். ஒவ்வொன்றும் தன் தளத்தில் தன் பட்டியலைத் தனியாக வைத்திருக்கும்.

தேடும்போதே வெவ்வேறு நாள்களில் நடக்கும் மூன்று கூட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நம்பிப் போய், அது நடக்காமல் போனால், அன்றைய தைரியம் அதோடு போய்விடும்.

6. பட்டியல்ல ‘ஓப்பன்’, ‘குளோஸ்டு’ன்னு போட்டிருக்கு. நான் எதுக்குப் போகணும்?

குடியை நிறுத்த விரும்புபவர் இரண்டுக்கும் போகலாம். குளோஸ்டு, அதாவது மூடிய கூட்டம், குடிப்பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். ஓப்பன் என்பது திறந்த கூட்டம். குடும்பத்தார், மாணவர், மருத்துவர், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். துணைக்கு மனைவியையோ அண்ணனையோ நண்பரையோ அழைத்துப் போவதாக இருந்தால் திறந்த கூட்டமாகப் பாருங்கள். மூடிய கூட்டத்துக்குக் கூட்டிப் போனால் அவர் வெளியே காத்திருக்க வேண்டியிருக்கும்.

வேறு குறிப்புகளும் இருக்கும். ‘ஸ்பீக்கர்’ என்றால் ஓரிருவர் நீளமாகப் பேசுவார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். ‘டிஸ்கஷன்’ என்றால் ஒரு தலைப்பில் ஒவ்வொருவராகப் பேசுவார்கள். ‘ஸ்டெப்’ என்றால் பன்னிரண்டு படிகளில் ஒன்றைப் படிப்பார்கள். ‘பிகின்னர்ஸ்’ புதியவர்களுக்கானது, அது இருந்தால் அதையே முதலில் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கர் கூட்டம் நல்லது. அங்கே உங்கள் முறை வருமோ என்ற பயமே வேண்டாம். சக்கர நாற்காலி அடையாளம், பெண்கள் மட்டும், இளைஞர்கள், எந்த மொழி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

7. உதவி எண்ணுக்குப் போன் பண்ணா என்ன கேட்கணும்? பேரு, ஊரெல்லாம் சொல்லணுமா?

முழுப் பெயர் வேண்டாம். எந்தப் பகுதி என்று மட்டும் சொன்னால் போதும். போனை எடுப்பவர் பெரும்பாலும் குடியை விட்ட ஒரு தன்னார்வலர். “குடியை நிறுத்தணும், முதல் தடவையா கூட்டத்துக்கு வரணும்” என்று ஆரம்பித்தால் மீதியை அவரே கேட்டுக்கொள்வார்.

வைப்பதற்கு முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்தக் கூட்டம் இப்போதும் நடக்கிறதா, இந்த வாரம் உண்டா, கட்டடத்தில் எந்த வாசல், எந்த மாடி, எந்த அறை, திறந்ததா மூடியதா, எந்த மொழியில் பேசுவார்கள். கடைசியாக, “வாசல்ல யாராவது என்னைப் பார்த்துக் கூட்டிட்டுப் போவாங்களா?” என்று கேளுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். புதியவரை வாசலில் வரவேற்பதையும், சில இடங்களில் வீட்டுக்கே வந்து அழைத்துப் போவதையும் உறுப்பினர்கள் தங்கள் கடமையாகவே நினைக்கிறார்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் செய்தி விட்டுவிட்டு, அடுத்த எண்ணுக்குப் போடுங்கள்.

8. போட்டிருந்த முகவரிக்குப் போனேன். அங்க யாருமே இல்ல. ஏமாத்துறாங்களா?

இல்லை. பட்டியல் பழையதாக இருந்திருக்கும். தன்னார்வலர்கள் நேரம் கிடைக்கும்போது திருத்துவதால், குழு அறை மாறி ஒரு மாதம் கழித்தும் பழைய முகவரியே இருப்பதுண்டு. விடுமுறை நாளில் கட்டடத்தைப் பூட்டியிருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் தாமதமாக வருவார். காலை 7, மாலை 7 குழப்பமும் நடக்கும்.

கூட்டம் நடந்துகொண்டே இருந்தும் உங்கள் கண்ணில் படாமல் போவது இன்னும் சகஜம். பெரும்பாலும் வழிபாட்டு இடம், பள்ளி, மருத்துவமனை, சமூகக்கூடம் போன்றவற்றில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருப்பார்கள். முன்வாசல் இருட்டாக இருக்கும், நுழைவு பக்கவாட்டிலோ பின்பக்கமோ இருக்கும். பெயரை வெளியே தெரியவிடக் கூடாது என்பதால் பலகை வைக்காமல், ஏ.ஏ. என்ற இரண்டு எழுத்து மட்டும் எழுதிய காகிதம் ஒன்றைக் கதவில் ஒட்டியிருப்பார்கள். கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, விளக்கு எரியும் அறையைத் தேடுங்கள். காவலரிடம் “எட்டு மணிக் கூட்டம் எங்கே?” என்று மட்டும் கேட்டால் போதும், எதற்கான கூட்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினைந்து நிமிடம் பார்த்துவிட்டு யாரும் வரவில்லை என்றால் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். அன்று இரவே நடக்கும் வேறு கூட்டத்தைச் சொல்வார்கள். நேரில் இல்லாவிட்டால் இணையத்தில் ஒன்று இருக்கும் (12-ஆம் கேள்வி).

9. முதல் நாள் உள்ள போனா என்ன நடக்கும்? எழுந்து நின்னு பேசச் சொல்வாங்களா?

பேச வேண்டிய கட்டாயம் இல்லை. பதினைந்து நிமிடம் முன்னதாகவே போங்கள். நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும் யாரிடமாவது “நான் புதுசு” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் கிடைத்துவிடுவார். சரியாக ஆரம்பிக்கும் நேரத்துக்குப் போனால் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள், அத்தனை முகமும் ஒரே நேரத்தில் வாசலைத் திரும்பிப் பார்க்கும். திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றுவது அந்த நொடியில்தான்.

நடத்துபவர் ஏ.ஏ. என்றால் என்ன என்ற சிறு முன்னுரையை வாசிப்பார். ஒரு நிமிட மௌனமோ பிரார்த்தனையோ இருக்கலாம். “முதல் தடவை வந்தவங்க யாராவது இருக்கீங்களா?” என்று கேட்பார். விரும்பினால் கையைத் தூக்கி முதல் பெயரை மட்டும் சொல்லலாம். பிறகு ஒருவர் பத்து இருபது நிமிடம் பேசுவார், அல்லது வட்டமாக ஒவ்வொருவரும் மூன்று முதல் ஐந்து நிமிடம். “என் பேரு இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்குவார்கள், மற்றவர்கள் சேர்ந்து வணக்கம் சொல்வார்கள். உங்கள் முறை வந்தால் “இன்னிக்கு நான் கேட்டுக்கிறேன்” என்றால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும். ஒருவர் பேசும்போது குறுக்கிடுவதோ, பேசியதைத் திருத்துவதோ, அறிவுரை சொல்வதோ ஏ.ஏ.வில் வழக்கமில்லை. உங்கள் பேச்சுக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்றால் அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சில குழுக்களில் 24 மணி நேரம், ஒரு மாதம், ஒரு வருடம் என்று குடிக்காமல் இருந்ததற்கு டோக்கன் கொடுப்பார்கள்.

முடிந்தவுடன் ஓடிவிடாதீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில்தான் போன் எண்கள் கைமாறும். இரண்டு மூன்று எண்ணையாவது வாங்கிக்கொள்ளுங்கள். குடிக்கத் தோன்றும்போது கூப்பிடத்தான் அதைக் கொடுக்கிறார்கள். மறுநாளே, ஒன்றுமில்லாவிட்டாலும், ஒருவருக்குப் போட்டுப் பேசிப் பழகிவிடுங்கள். ஒருமுறைகூடப் பேசாத ஆளை நெருக்கடியான இரவில் கூப்பிட யாருக்கும் கை வராது.

10. கட்டணம் எவ்வளவு?

கிடையாது. ஏ.ஏ. வெளியாரிடமும் நன்கொடை வாங்குவதில்லை. அறை வாடகைக்கும் புத்தகத்துக்கும் உறுப்பினர்கள் தாங்களே போட்டுக்கொள்வார்கள். பை சுற்றி வரும்போது புதியவர் அப்படியே பக்கத்தில் நகர்த்தலாம்.

11. தெரிஞ்சவங்க யாராவது அங்க என்னைப் பார்த்துட்டா மானம் போயிடுமே?

அவரும் அதே காரணத்துக்குத்தான் அங்கே வந்திருப்பார். யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது ‘அனானிமஸ்’ என்ற பெயரிலேயே இருக்கிறது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை என்றால் வேறு பகுதிக் கூட்டத்துக்குப் போங்கள். பலரும் முதலில் அப்படித்தான் செய்கிறார்கள். திறந்த கூட்டத்தில் வெளியாரும் இருப்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்த ரகசியம் உறுப்பினர்களின் நாணயத்தில் நிற்பது, சட்டத்தில் நிற்பது அல்ல. வழக்கறிஞரிடம் சொல்வதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு கூட்டத்தில் சொல்வதற்கு இருக்கும் என்று நம்ப வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் வழக்கு, குற்றம், விபத்து பற்றிய விவரங்களை வழக்கறிஞரிடம் மட்டும் பேசுங்கள். கூட்டத்தில் குடியைப் பற்றிப் பேசினால் போதும்.

12. ஆன்லைன் கூட்டம் பிரயோஜனமா? எப்படிச் சேர்றது?

தூரத்தில் இருப்பவர், குழந்தையை விட்டு வர முடியாதவர், இரவு வேலை செய்பவர் ஆகியோருக்கு மிகவும் பயன். ஏ.ஏ.வின் ஆன்லைன் இன்டர்குரூப் பட்டியலில் நாள் முழுக்க எந்த நேரத்திலும் ஏதோ ஒரு கூட்டம் இருக்கும். காணொளி, தொலைபேசி, மின்னஞ்சல் என்று வகைகளும் உண்டு. நேரம் எந்த நாட்டுக் கணக்கில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவதால், நேற்றுவரை சரியாக இருந்தது இன்று தவறிப்போகும்.

ஜூம் கூட்டத்தில் உங்கள் கணக்கில் உள்ள முழுப் பெயர் அப்படியே திரையில் வந்துவிடும். சேர்வதற்கு முன்பே அதை முதல் பெயராக மாற்றுங்கள். அலுவலகக் கணினியையும் அலுவலகக் கணக்கையும் தொடாதீர்கள். காதில் ஹெட்போன் மாட்டுங்கள், மற்றவர்கள் பேசுவது உங்கள் வீட்டாருக்குக் கேட்கக் கூடாது. கேமராவை அணைத்து வைக்கலாம். சில குழுக்கள் மட்டும் நுழையும்போது ஒரு நிமிடம் முகம் காட்டச் சொல்லும். தொந்தரவு செய்பவர்களைத் தடுக்கத்தான் அது. நேரில் போக முடிந்தவர் இணையத்தோடு நின்றுவிடாமல் வாரம் ஒன்றாவது நேரில் போவது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம். திரையை அணைத்தவுடன் அந்த ‘அடுத்த பத்து நிமிடம்’ இல்லாமல் போய்விடுகிறது.

13. ஒரு தடவை போய்ப் பார்த்தேன். எனக்கு ஒத்துவரல.

ஒத்துவராமல் போனது அந்த ஒரு குழுவாக இருக்கலாம். ஒவ்வொரு குழுவும் தன் போக்கில் நடக்கிறது. ஓரிடத்தில் எல்லோரும் இருபது வருடமாகக் குடிக்காதவர்களாக இருப்பார்கள், அவர்கள் பேச்சு எட்டாத உயரத்தில் இருப்பது போலத் தோன்றும். இன்னோர் இடத்தில் பாதிப் பேர் முதல் மாதத்தில் இருப்பார்கள். ஆறு கூட்டம், குறைந்தது மூன்று வெவ்வேறு குழு, இரண்டு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பிறகும் ஒட்டவில்லை என்றால் 4-ஆம் கேள்வியில் சொன்ன மற்ற அமைப்புகளைப் பாருங்கள்.

‘தொண்ணூறு நாளில் தொண்ணூறு கூட்டம்’ என்று அங்கே சொல்லக் கேட்பீர்கள். அது விதி இல்லை, பழக்கம். முதல் மூன்று மாதம் ஆபத்தானது என்பதால் சொல்வது. தினமும் முடியாதவர் வாரத்துக்கு மூன்று கூட்டம், மற்ற நாள்களில் ஒரு போன் என்று வைத்துக்கொள்ளலாம்.

14. எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. அங்க பிரார்த்தனை பண்றாங்களாமே?

பல கூட்டங்களில் பண்ணுவார்கள். கண்ணை மூடி நிற்கவோ கை கோக்கவோ யாரும் வற்புறுத்தக் கூடாது. ஏ.ஏ.வின் படிகளில் ‘நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்’ என்றுதான் இருக்கிறது. அந்தக் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தி என்று எடுத்துக்கொண்டு பல வருடம் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. அதுவும் உறுத்தினால், ஏ.ஏ.வுக்குள்ளேயே மதச்சார்பற்ற கூட்டங்கள் பட்டியலில் தனிக் குறிப்போடு இருக்கும். அல்லது ஸ்மார்ட் ரெகவரி, லைஃப்ரிங்.

15. நான் ஒரு பெண். போன இடத்துல எல்லாரும் ஆண்கள். கொஞ்சம் பயமா இருந்தது.

பயத்தை அலட்சியப்படுத்த வேண்டாம். பெண்கள் கூட்டம் நேரில் இல்லையென்றால் இணையத்தில் உண்டு. உதவி எண்ணில் ஒரு பெண் உறுப்பினருடன் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவரோடு சேர்ந்தே கலப்புக் கூட்டத்துக்குப் போகலாம்.

ஆணோ பெண்ணோ, புதியவர் யாராக இருந்தாலும் சிலவற்றில் கவனம் வேண்டும். முதல் வாரத்திலேயே தனியாகச் சந்திக்கக் கூப்பிடுபவர், காதல் பேச்சு பேசுபவர், கடன் கேட்பவர், வேலை வாங்கித் தருவதாகச் சொல்பவர், தான் நடத்தும் மையத்தில் சேரச் சொல்பவர் – இவர்களிடமிருந்து விலகி, குழுவின் செயலாளரிடம் சொல்லுங்கள். நோய் பொதுவானது என்பதற்காக வந்தவர் எல்லோரும் நல்லவர் என்று ஆகிவிடாது. அத்துமீறல் நடந்தால் காவல்துறைக்குப் போக உங்களுக்கு முழு உரிமை உண்டு. குழுவின் ரகசியம் அதற்குத் தடை இல்லை.

16. ஸ்பான்சர்னா பணம் கொடுத்து உதவுறவரா?

இல்லை. உங்களுக்கு முன்னால் அந்தப் பாதையில் போனவர், பன்னிரண்டு படிகளைத் தான் செய்ததைப் போலவே உங்களையும் செய்ய வைப்பவர். குறைந்தது ஒரு வருடமாவது குடிக்காமல் இருப்பவராக, தானே ஒரு ஸ்பான்சர் வைத்திருப்பவராகப் பாருங்கள். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்பது வழக்கம். 15-இல் சொன்ன சிக்கல்களை அது பெருமளவு தவிர்க்கும். உடனே முடிவு செய்ய வேண்டாம், ‘தற்காலிக ஸ்பான்சர்’ என்றே கேட்கலாம். ஒத்துவரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

17. டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தினாத்தான் உண்மையான மீட்புன்னு ஒருத்தர் சொன்னார். நிறுத்தணுமா?

நிறுத்தக் கூடாது. அது அவருடைய சொந்தக் கருத்து, ஏ.ஏ.வின் நிலைப்பாடு அல்ல. உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஏ.ஏ.வே தன் வெளியீட்டில் சொல்கிறது. மனச்சோர்வு மருந்து, வலிப்பு மருந்து, குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் எதுவானாலும் மருத்துவர் சொன்னபடியே தொடருங்கள். மருந்தும் கூட்டமும் சேர்ந்தே போகலாம்.

18. மூணு மாசம் விட்டுட்டு மறுபடி குடிச்சுட்டேன். எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?

அதே முகத்தோடுதான். அந்த அறையில் இருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள். ஏ.ஏ.வில் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும், ஆனால் மூன்று மாதத்தில் கற்றது எங்கும் போய்விடாது. எந்த நேரம், யாரோடு, என்ன நினைத்து முதல் கிளாஸை எடுத்தீர்கள் என்பதை ஸ்பான்சரிடம் அப்படியே சொல்லுங்கள். அடுத்த முறை அதே இடத்தில் உஷாராக இருக்க அதுதான் உதவும்.

குடித்த நிலையிலும் வரலாம். அமைதியாக உட்கார்ந்து கேட்கச் சொல்வார்கள், பேச விடமாட்டார்கள். வண்டி ஓட்டிக்கொண்டு மட்டும் வராதீர்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் 2-இல் சொன்ன ஆபத்து மறுபடியும் இருக்கிறது.

19. என் வீட்டுக்காரர் வரவே மாட்டேங்கிறார். அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடவே கூடாது. டைசல்ஃபிராம் என்ற மருந்தைத்தான் அப்படிக் கொடுக்கிறார்கள். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி, படபடப்பு, மூச்சுத் திணறல் வந்து ரத்த அழுத்தம் விழும். உயிர் போனதும் உண்டு. மருத்துவரின் கண்காணிப்பில், குடித்தால் என்ன ஆகும் என்று முழுதும் தெரிந்து, அவரே சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து அது.

அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் 1951-இல் தொடங்கிய ஆல்-அனான் இருக்கிறது. பதின்பருவப் பிள்ளைகளுக்கு 1957 முதல் அலட்டீன் உண்டு. அவரை எப்படித் திருத்துவது என்று அங்கே சொல்லித் தரமாட்டார்கள். அவருக்காகப் பொய் சொல்வது, கடனை அடைப்பது, பாட்டிலை ஒளிப்பது ஆகியவற்றிலிருந்து நீங்கள் எப்படி வெளியே வருவது என்பதுதான் பேச்சு. அங்கேயும் ஆறு கூட்டமாவது வந்து பாருங்கள் என்பார்கள். அவரிடம் பேசுவதானால் குடிக்காத நேரத்தில், சுருக்கமாக, குறிப்பிட்ட ஒரு கூட்டத்தைச் சொல்லிக் கேளுங்கள்: “வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஒண்ணு இருக்கு, திறந்த கூட்டம், நானும் வர்றேன்.” அடி உதை இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பான இடம் பாருங்கள்.

20. குடியோட வேற போதைப் பழக்கமும் இருக்கு. எந்தக் கூட்டம்?

நார்காட்டிக்ஸ் அனானிமஸ் (1953-இல் தொடங்கியது) மதுவையும் ஒரு போதைப்பொருளாகவே எண்ணுவதால் அங்கே எல்லாவற்றையும் பேசலாம். ஸ்மார்ட் ரெகவரியிலும் அப்படித்தான். ஏ.ஏ.வுக்கும் வரலாம், ஆனால் பேச்சைக் குடியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள்.

21. இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுதா, இல்ல ஆறுதலுக்குத்தானா?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 27 ஆய்வுகளை, 10,565 பேரின் விவரங்களை அலசியது. ஏ.ஏ.வோடு இணைக்கும் முறையான சிகிச்சைத் திட்டங்கள், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்றும் மனநலச் சிகிச்சை) போன்றவற்றைவிட நல்ல பலன் தந்தன என்பது அதன் முடிவு. கவனியுங்கள்: ஆய்வு செய்தது வெறுமனே முகவரி கொடுத்து அனுப்புவதை அல்ல. கூட்டத்துக்குப் போக வைத்து, போனார்களா என்று கேட்டு, ஸ்பான்சர் தேட ஊக்குவித்த திட்டங்களை. மருத்துவர் ஒரு சீட்டில் ‘ஏ.ஏ.’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதே பலன் வரும் என்று சொல்ல முடியாது.

22. கோர்ட்டுல கூட்டத்துக்குப் போனதுக்கு அத்தாட்சி கேட்கிறாங்க. யார் கையெழுத்து போடுவாங்க?

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே செயலாளரிடம் கேளுங்கள். ஒவ்வொரு குழுவும் தானே முடிவு செய்கிறது. பல குழுக்கள் முதல் பெயரோடு கையெழுத்திடும், சில போடவே போடாது. நீங்கள் வந்தீர்கள் என்பதற்கு மட்டுமே அது சாட்சி, குடியை விட்டுவிட்டீர்கள் என்பதற்கு அல்ல. சில இணையக் குழுக்கள் மின்னஞ்சலில் உறுதி அனுப்பும். அதை நீதிமன்றமோ அலுவலகமோ ஏற்குமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். வழக்கின் விவரத்தைக் கூட்டத்தில் பேசுவதைப் பற்றி 11-இல் சொன்னது இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

23. எங்க பக்கத்துல எந்தக் கூட்டமும் இல்ல. நாங்களே ஒண்ணு ஆரம்பிக்கலாமா?

தாராளமாக. குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று குடிநோயாளிகள் கூடினாலே, வேறு எந்த அமைப்போடும் சேராதவரை, தங்களை ஏ.ஏ. குழு என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது அதன் மரபு. அனுமதிக் கட்டணம் இல்லை. ஆனால் நேற்றுதான் நிறுத்தியவர் தனியாக இதில் இறங்க வேண்டாம். சில மாதம் இணையக் கூட்டத்தில் பழகி, பக்கத்து ஊர்க் குழுவில் அனுபவமுள்ள ஒருவரையாவது மாதம் ஒருமுறை வரச் சம்மதிக்க வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, ஒரே நேரம். யார் வீட்டிலும் வேண்டாம், அந்த வீட்டில் ஒரு சண்டை வந்தால் கூட்டமும் நின்றுவிடும். சிறிய வாடகையில் பொது இடத்தில் ஓர் அறை பாருங்கள். வாடகை கொடுக்காமல் இலவசமாக எடுத்துக்கொண்டால், இடத்துக்காரரின் அமைப்போடு குழுவைச் சேர்த்துப் பேசத் தொடங்குவார்கள். முன்னுரை, பேசும் நேரம், முடிக்கும் விதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிவைத்தால் யார் வேண்டுமானாலும் நடத்தலாம். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். பகுதி அலுவலகத்தில் பதிந்து பட்டியலில் சேருங்கள். முதல் சில மாதம் இரண்டே பேர் உட்கார்ந்திருப்பது வழக்கம்தான். ஆள் வரவில்லை என்று கிழமையையும் நேரத்தையும் மாற்றிக்கொண்டே இருந்தால், பட்டியலைப் பார்த்து வருபவர் பூட்டிய கதவைத்தான் பார்ப்பார். அதனால் குறைந்தது ஆறு மாதம் அதே நேரத்தில் நடத்துங்கள். மாற்றியே ஆக வேண்டுமானால் பட்டியலைத் திருத்திய பிறகும் ஒரு மாதம் பழைய இடத்தின் வாசலில் யாராவது ஒருவர் நில்லுங்கள்.